ஆலய வாசலில் நான் கையெழுத்திடாத மனு

நெல்லைச் சீமையின் சேகர குருமார்களுக்கும் திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர்களுக்கும், பாளையங்கோட்டையிலிருந்து சபையாரில் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு மனுவை நீட்டினார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மதுக்கடையை அகற்ற வேண்டும். கள்ளுக்கான தடையை ஒருநாளும் தளர்த்தக் கூடாது. பிறன்மனை உறவை மறுபடியும் குற்றமாக்க வேண்டும் என மூன்று கோரிக்கைகள் அதில் இருந்தன. முதலாவது மட்டும் இருந்திருந்தால் அங்கேயே ஒப்பமிட்டிருப்பேன்.

1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம்; 2003 முதல் சீமைச் சரக்கை அரசே கடை வைத்து விற்கிறது. குடிப்பவன் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், புளித்துக் கள்ளாகாதபடி கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் பனையேறிகூட, கள் வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு மரமேற வேண்டியிருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன்மார் ஏறிய மரம் அது. ஒழுக்கத்தின் பெயரால் வந்த சட்டம் யார் முதுகில் விழுந்தது என்பதை நம் சபைகளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பிறன்மனை உறவு பாவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2018இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்று விட்டுவிட்ட, மனைவியைக் கணவனின் உடைமையாகவே பாவித்த சட்டம். வேதம் சொல்லும் திருமணத்துக்கும் அதற்கும் என்ன உறவு? வெளியே இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது தன் வேலையல்ல என்று கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், உள்ளே இருப்பவர்களைத்தான் திருத்தச் சொன்னார். சபைக்குள் தவறியவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரம் நமக்கு இருக்கிறது. செல்வாக்குள்ளவர் விஷயத்தில் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறவர்கள், போலீஸ்காரரை அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டமே கேட்கக் கூடாது என்பதல்ல என் வாதம். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்தார். அந்த வழக்கத்தை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கிறிஸ்தவர் அல்லர். பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை யார் கண்ணுக்கும் தெரிந்தது. அதைக் காண ஞானஸ்நானம் தேவைப்படவில்லை.

2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, மனச்சாட்சியில் அரசுக்கு என்ன வேலை என்று நாமே கேட்டோம்; 2004இல் அது விலக்கப்பட்டபோது ஸ்தோத்திரம் சொன்னோம். நமக்கு வேண்டாத அந்தக் காவலை அயலாரின் படுக்கையறைக்கு எப்படிக் கேட்பது?

ஆகவே பின்னிரண்டு கோரிக்கைகளையும் நீக்கிவிடுங்கள். மதுக்கடையைப் பற்றிய கோரிக்கையை மட்டும் தனித்தாளில் எழுதி, மேலப்பாளையம் ஜமாத்தாரிடமும், அந்தப் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கொண்டுபோவோம். அந்தத் தாளைச் சுமந்து வீடு வீடாக ஏற நான் வருகிறேன்.