பாப்பா, உன் கவுன் காசு என்ன ஆனது என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் நம் தெருவுக்கு நீ பாப்பாதான். அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

காசிமேடு கல்லறையில் மாமாவுக்கு, உன் அப்பாவுக்கு, மண் போட்டுவிட்டு வேனில் திரும்பும்போது நீ சொன்னது என் காதில் விழுந்தது. "ஊருக்கே செஞ்சாரு. என் புதுநன்மைக்கு ஒரு புது கவுன் எடுத்துத் தரல." புதுநன்மை என்றால் பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள் என்று அப்போதே எனக்குத் தெரியும். அத்தை உன் கையைப் பிடித்து அழுத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசையன்றாவது சொல்லிவிட நினைத்தேன். பிரியாணியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு நேரில் பேச வராது.

1996-ல் என் அப்பா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. வரவேண்டிய பணமும் வரவில்லை. நாங்கள் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல்தான் இருந்தோம். மறு வருஷம், பெப்ரவரி 11 மாதா திருவிழா முடிந்த மறுநாளே, உங்கள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி மாமாவும் இன்னொருவரும் அரிசி மூட்டையோடு வாசலில் நின்றார்கள். வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்து வருகிறோம் என்றார்கள். 1833-ல் பாரிஸில் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் கூட்டாளிகளோடு ஏழைகளுக்கு உதவ ஆரம்பித்த சபை அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேராகத்தான் ஒரு வீட்டுக்குப் போவார்களாம். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வருமாம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாதாம். எந்த வீட்டுக்குக் கொடுத்தோம் என்று வெளியே மூச்சு விடமாட்டார்கள். உன்னிடம் அவர் எதையும் சொல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மா பயந்துவிட்டாள். கோயில் மாறச் சொல்வார்களோ என்று. ஆனாலும் வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மாமா வேண்டாம் என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது, நம் வீட்டில் குடிக்கமாட்டார்கள் போல என்று. கூட வந்தவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்: தவக்காலம் முடியும் வரை மாமா டீயைத் தொடமாட்டார், டீக்காசு முழுக்கத் தகர டப்பாவில் விழும். (அந்த 40 நாளும் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் கூட வேலை பார்த்தவர்கள் பட்ட பாட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சும்மாவே உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். டீயும் இல்லையென்றால்?)

அப்புறம் மாமா அம்மாவிடம் சொன்னார்: "ஆடியில மாரியாத்தாவுக்குக் கூழு ஊத்தசொல்லோ எனக்கு ஒரு தூக்கு குடும்மா. கணக்கு நேராயிடும்."

அம்மா அரிசியை வாங்கிக்கொண்டாள்.

அரிசி சபை கொடுத்தது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. எட்டாவது முழுப் பரீட்சைக்கு முன்னால் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். ஃபீஸ் பாக்கி 640 ரூபாய். எந்தப் பள்ளி என்று உனக்கே தெரியும், இங்கே வேண்டாம். மாமா ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல், முகம் கழுவாமல், என்னை சைக்கிள் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் ஜன்னலில் சட்டைப் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து எண்ணினார். கவர் மேல் பென்சிலில் அத்தையின் கையெழுத்து: "பாப்பா கவுன், ஷூ, கிரீடம்."

நான் படித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா?"

"படிச்சேன் மாமா."

"சரி, மறந்துடு."

அவ்வளவுதான். வழியில் ஒரு கடையில் எனக்கு மட்டும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே மாதம் லூர்து மாதா கோவிலில் உன் புதுநன்மை. உன் பெரியம்மா மகளின் பழைய கவுனை அத்தை பிடித்துத் தைத்திருந்தார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. எல்லாப் பிள்ளைகளும் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் போனபோது நீ மட்டும் ஒரு கையால் தோளைத் தூக்கிவிட்டுக்கொண்டே நடந்தாய். கடைசி வரிசையில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "டேய், இன்னொரு துண்டு கறி போட்டுக்கோ" என்று மாமா என்னையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அவரிடம் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. அத்தையிடம் கேட்டுவிட்டு அந்தக் கவரை எடுத்திருக்கலாம். உன்னிடமாவது, நீ வளர்ந்த பிறகாவது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சபை விதி சபைப் பணத்துக்குத்தானே? அந்த 640 ரூபாய் உன்னுடையது. 8 வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் தர்மம் பண்ணிவிட்டார். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் அண்டா வைத்துப் பொங்கியதை எல்லாரும் சொல்கிறார்கள். அது அவர் கை, அவர் உழைப்பு. இது அப்படி இல்லை. நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி எனக்கு வரவேண்டியது. மறந்துடு என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்ததால் 28 வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டு. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கவரில் எழுதியவர் ஆயிற்றே.

இன்னொன்று, அம்மா கேட்கச் சொன்னாள். மாமா வேலைக்குச் சோறு எடுத்துப் போன எவர்சில்வர் தூக்கு, மூடி நசுங்கியது, இன்னும் வீட்டில் இருக்கிறதா? பழைய பாத்திரத்தோடு போட்டுவிடாதே. ஒரு ஆடி விடாமல் அதில்தான் கூழ் வாங்கிப் போனார். போன வருஷம் நடக்க முடியாதபோதுகூட உன் பையனிடம் கொடுத்து அனுப்பினார். இந்த வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதான் ஊற்றுகிறோம், பூசை முடிந்து வந்தால் சரியாக இருக்கும். எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
எதிர் வீட்டு அண்ணன்