சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த ஆங்கிலேயப் படை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லாம்டனின் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிய சிறு நூல் ஒருவழியாக அச்சேறி உங்கள் கைகளுக்கு வந்துவிட்டது. எண்பது பக்கம்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. உதவியவர்களின் பெயர்களை நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறேன். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று அங்கே எழுத இடமில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இன்று நம்மிடையே இல்லாத என் மூத்த சர்வேயர் ஐயாவுக்கு. நில அளவைத் துறையில் நான் சேர்ந்த புதிதில், வரப்பு ஓரமாகச் சங்கிலியை நீட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "இந்த அளவுக்கெல்லாம் தாய் அளவு பரங்கிமலை அடிவாரத்தில் இருக்கிறதடா." அதற்கு மேல் அன்று எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை முப்பது ஆண்டுகள் என்னோடு வந்து, ஓய்வு பெற்ற மறுநாளே என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால், அதை அடிப்பக்கமாக வைத்து, கோணங்களை மட்டும் அளந்தே முக்கோணம் மேல் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டு போகலாம். அந்த முதல் கோடுதான் தாய் அளவு. லாம்டன் அதை எடுக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10இல். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை நீட்டி நீட்டி அளந்தார்கள். 57 நாட்கள் ஆயின. சங்கிலியைத் தரையில் போடவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் கிடத்தி, கூடாரத் துணியால் நிழல் கட்டி, பக்கத்திலேயே வெப்பமானியும் வைத்திருந்தார்கள். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் ஏற்காததால் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து விலைபோன சங்கிலி அது.

இதையெல்லாம் லாம்டனே கல்கத்தா ஆசியச் சங்கம் என்ற அறிஞர் சபையின் பழைய ஆய்வுத் தொகுதிகளில் எழுதியிருக்கிறார். அந்த ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை. வாரம் இரண்டு மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் பொருள் சொன்ன ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒரு காப்பிக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "சுமாராகப் புரிந்ததை எழுதாதீர்கள், மறுபடி படிப்போம்" என்று அவர் திருப்பி அனுப்பிய பக்கங்கள் பல. பிழை குறைந்திருந்தால் அது அவரால்.

ராணுவப் பகுதியை எழுதியபோது நான் திணறினேன். லாம்டன் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1781இல் படையில் சேர்ந்தவர். கனடாவில் பல ஆண்டுகள் படைக் குடியிருப்புகளைக் கவனிக்கும் வேலையில் முடங்கிக் கிடந்தவர். அங்கே சூரிய கிரகணத்தைக் கவனிக்கப்போய் ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டவர். நாற்பதைக் கடந்தும் லெப்டினன்டாகவே இருந்த அந்த மனிதர், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையிலிருந்த 33ஆம் படைப்பிரிவோடு இந்தியா வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை. ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் பேர்டின் படை இரவில் நடந்துகொண்டிருக்கிறது. லாம்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, நாம் தெற்கே போகவில்லை, வடக்கே திப்புவின் அணிகளை நோக்கிப் போகிறோம் என்கிறார். நட்சத்திரங்களைக் கேட்காமலே எனக்கு வழி தெரியும் என்கிறார் பேர்ட். சற்று நேரம் கழித்து வெளிச்சம் ஏற்றித் திசைகாட்டியைப் பார்த்தால், லாம்டன் சொன்னதுதான் சரி.

இந்தச் சம்பவத்தை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் வாழும் சுபேதார் ஐயா. புத்தகத்தில் அரைப் பக்கம். அவரோ ஒரு முழு இரவு என்னை ஏரிக்கரையில் நடக்கவைத்தார். டார்ச் லைட் கூடாது, பேசக் கூடாது. ஒரு மணி நேரத்தில் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. "முன்னால் போகிறவன் முதுகுதான் படைக்குத் திசை. அப்போது தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றுவது சாதாரணக் காரியமில்லை" என்றார். அந்த அத்தியாயத்தின் உயிர் அந்த இரவில்தான் கிடைத்தது, ஐயா.

எங்கள் அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். சங்கிலிக்கு எதற்குக் கூடாரமும் வெப்பமானியும் என்று ஒரு மாணவி கேட்டாள். நான் விளக்கத் தொடங்குமுன் ஆசிரியர் மைதானத்தில் பலகைகளை வரிசையாகப் போடச் சொன்னார். முப்பது மீட்டர் எஃகு நாடாவை அதன் மேல் விரித்து, ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். காலை ஆறரை மணிக்கு நாடாவின் நுனி நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம். நுனி கோட்டைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேலே போயிருந்தது. அந்தப் பெண் நோட்டில் ஐந்தை நானூறால் பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாளே, அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். இரண்டு மீட்டர்! ஏழரை மைலில் அவ்வளவு பிழை விழுந்தால், அதை அடியாக வைத்துக் குமரி வரை கட்டும் முக்கோணங்கள் அத்தனையும் கோணிப்போகும். லாம்டன் இஞ்சுக்கும் கீழே போய் ஏன் கவலைப்பட்டார் என்பதை நான் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நூலின் 31ஆம் பக்கத்தில் இருக்கும் கணக்கு அவளுடையதே.

தஞ்சாவூரில் என்னை மூன்று நாள் கூட்டிக்கொண்டு அலைந்த ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது. எங்கு பார்த்தாலும் தென்னை. தூரத்துக் கொடியைப் பார்க்க லாம்டனுக்குக் கோயில் கோபுரங்கள்தான் கிடைத்தன. 1808இல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கோணங்களை அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, பாகைகள் குறித்த அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது. லண்டனில் செய்து, வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் பிடிபட்டு, மொரீஷியஸ் போய், அங்கிருந்து மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்ட கருவி அது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டதைப் போல, கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடாமல், ஆறு வாரம் ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து இழுத்து இழுத்து அந்த வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். கோயில் வாசலில் நின்று இதைச் சொன்னபோது ஓட்டுநர் அண்ணன் கேட்டார்: "உள்ளே இருந்த ஆசாரி யார், சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் நூலின் போக்கையே மாற்றியது. லாம்டனின் உதவி அதிகாரிகளான வாரன், கேட்டர் ஆகியோரின் பெயர்கள் கிடைக்கின்றன. சென்னை அளவைப் பள்ளியில் பயின்று அவரோடு சுற்றிய டி பென்னிங்கின் பெயர் கிடைக்கிறது. ஆனால் பெட்டிகளைச் சுமந்தவர்கள், குன்றுகளின் மேல் கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலியை ஏப்ரல், மே வெயிலில் 57 நாள் நகர்த்தியவர்கள் யார்? நான் படித்த அறிக்கைகளில் அவர்கள் வெறும் ஆட்கள். அதனால்தான் நூலைப் பெயர் தெரியாத அந்த ஆட்களுக்குக் காணிக்கையாக்கினேன்.

இன்னொரு நண்பர் நான்காம் அத்தியாயத்துக்காக என்னோடு சண்டையே போட்டார். "வென்ற மண்ணை ஆளத்தானே வரைபடம்? அதை எழுதாமல் அறிவியலை மட்டும் புகழ்ந்தால் எப்படி?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். மைசூர் வீழ்ந்த சூட்டிலேயே லாம்டன் தம் திட்டத்தைக் கொடுத்தார், வெல்லெஸ்லியின் ஆதரவோடு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதிக் குழுவிலேயே ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகப் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா, இந்த வரைபடம் எதற்கு என்று கேட்டார். அளந்து பார்த்ததில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்று தெரிந்தது. இரண்டு பக்கத்தையும் எழுதியிருக்கிறேன். வற்புறுத்தியதற்கு நன்றி, நண்பரே.

லாம்டன் ஊர் திரும்பவே இல்லை. குமரிக்குப் பக்கத்திலிருந்து இன்றைய கர்நாடகத்தின் பீதர் வரை, பூமியின் வளைவின் ஒரு துண்டை, தெற்கு வடக்காக ஏறக்குறைய பத்துப் பாகை நீளத்துக்கு அளந்து முடித்தும் ஓயவில்லை. 1823 ஜனவரி 20 அன்று, ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், ஹிங்கன்காட்டில் இறந்தார். என் முழங்கால் அவ்வளவு தூரம் போக இடம்கொடுக்கவில்லை. நாக்பூரில் ரயில்வேயில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தம் விடுமுறை நாளில் போய், விசாரித்து விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே போனில் அழைத்தார். "பூ வைத்துவிட்டேன், ஐயா" என்றார். நான் கேட்கக்கூட இல்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

மருந்துச் செலவோடு தாள் செலவையும் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், மூன்று முறை மெய்ப்புத் திருத்தியும் முகம் சுளிக்காத அச்சக ஊழியர்களுக்கும் நன்றி.

கடைசியாக, என்னோடு பதினெட்டு ஆண்டுகள் சங்கிலி பிடித்த தலையாரியின் மகனுக்கு. கழிவு ஏலத்தில் உங்கள் அப்பா எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய சங்கிலியை, வெளியீட்டு விழாவில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று தயங்காமல் கொடுத்தீர்கள். பத்துக் கண்ணிக்கு ஒன்றாகத் தொங்கும் பித்தளை வில்லைகளை எண்ணி எண்ணி அவர்கள் விளையாடினார்கள். ஒன்றும் தொலையவில்லை. துரு துடைத்து, எண்ணெய் தடவி, கோணிப்பையில் சுற்றி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நானே கொண்டுவந்து தருகிறேன். வீட்டில் இருங்கள், தம்பி.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற ஒரு நில அளவர்