செல்விக்கு, தம்பி ஆபரேஷன் பத்தி

அன்புள்ள செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன்டி. நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது ஒருதடவ, வீட்டுக்கு வந்து டீ போட்டு ஆறவிட்டுட்டு ஒருதடவ. போன் பண்ணா ரெண்டு பேரும் அழுதுருவோம், அதான் உக்காந்து டைப் பண்றேன்.

தம்பிக்குப் பித்தப்பை சீழ் பிடிச்சு, சின்ன ஓட்ட வழியா கேமரா விட்டு (லேப்ரோஸ்கோபி) பண்றோம்னு சொல்லி கூட்டிட்டுப் போயி கடைசில வயித்தக் கிழிச்சிட்டாங்க, டாக்டருக்கு வேல தெரியலன்னு வீட்ல எல்லாரும் பேசுறாங்கன்னு சொன்ன. அப்படி இல்ல செல்வி. பதினெட்டு வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறவ சொல்றேன், நம்பு. சீழ் பிடிச்ச பித்தப்பை குடலோட கொழுப்போட எல்லாத்தோடயும் ஒட்டிக்கும், பித்தக்குழாய் எது ரத்தக்குழாய் எதுன்னு ஸ்க்ரீன்ல பிரிச்சே பாக்க முடியாது, அந்த நேரத்துல விடாம உள்ளயே நோண்டி மெயின் பித்தக்குழாய் அறுந்துருச்சுன்னா அதுக்கப்புறம் எத்தன ஆபரேஷன், எத்தன ஆஸ்பத்திரின்னு கணக்கே கிடையாது. சரியான எடத்துல நிறுத்தி ஓபன் பண்ணாரே, அவருக்கு நீங்க கையெடுத்துக் கும்பிடணும்.

அதுக்காக கேமராவே வேணாம்னு உங்கம்மா சொல்றதயும் நான் ஒத்துக்க மாட்டேன். போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு, வலது அடிவயித்துல துடிச்சுப்போற வலி, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கிருக்குன்னுதான் எல்லாரும் நெனச்சோம், ஸ்கேன்லயும் தெளிவா ஒண்ணும் சொல்லல. தொப்புள்கிட்ட சின்னதா ஒரு ஓட்ட போட்டு உள்ள பாத்தா குடல்வால் நல்லாத்தான் இருக்கு, சினைப்பை முறுக்கிக்கிட்டு நாவப்பழம் மாதிரி கருத்துப் போயிருக்கு. மெதுவா முறுக்க எடுத்து விட்டுட்டு எல்லாரும் ஸ்க்ரீனயே பாத்துட்டு நின்னோம், கொஞ்சம் கொஞ்சமா கலர் திரும்புச்சு பாரு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. முன்ன மாதிரி குடல்வால்னு நெனச்சு அந்த எடத்துல மட்டும் கீறியிருந்தா அப்புறம் வெட்ட நீட்டி நீட்டித் தேடியிருக்கணும். எமர்ஜென்சில கேமராவோட பெரிய லாபம் தழும்பு சின்னதுங்கிறது இல்லடி, என்னன்னு தெரியாத வயித்த முழுசா சுத்திப் பாக்கலாம்ங்கிறதுதான்.

இந்தக் கேமரா ஆபரேஷனுக்கு ஆரம்பத்துல எவ்ளோ எதிர்ப்பு இருந்துச்சு தெரியுமா? ஜெர்மனில கீல்ங்கிற ஊர்ல கர்ட் செம்னு ஒரு மகப்பேறு டாக்டர் 1980ல குடல்வால இப்படி எடுத்தாரு, இவர சஸ்பெண்ட் பண்ணணும்னு பெரிய பெரிய சர்ஜன்களே கேட்டாங்க. நம்ம நாட்ல 1990ல பாம்பே ஜே.ஜே. ஆஸ்பத்திரில உத்வாடியா டாக்டர் பித்தப்பைய மொதல்ல இப்படி எடுத்தாரு. இப்ப அல்சர் ஓட்டயாகி வர்றவங்களுக்குக்கூட எங்க தியேட்டர்ல உள்ளயே தையல் போட்டு, குடலுக்கு முன்னாடி தொங்குற கொழுப்புத் திரைய இழுத்து மேல வச்சுக் கட்டி, லிட்டர் கணக்குல சலைன் ஊத்திக் கழுவிட்டு வந்துர்றாங்க. நான் வேலைக்குச் சேந்தப்ப அதே கேஸ்னா நெஞ்சுக்குழில இருந்து தொப்புளத் தாண்டி வெட்டு, இருமுறதுக்கே தலகாணிய வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க, தையல் சீழ் பிடிச்சு நாள் கணக்கா டிரஸ்ஸிங் பண்ணிருக்கேன்.

ஆனா எல்லாருக்கும் ஆகாது. கருக்குழாய்ல கரு தங்கி வெடிச்சு பிபி எறங்கிட்டே வர்ற பொம்பளைக்கு, கேமராவுல பாக்க எடம் கெடைக்கறதுக்காக வயித்துக்குள்ள கேஸ் (வாயு) ஏத்திட்டு நிக்க நேரம் இல்ல, அந்த கேஸ் பிரஷரே இதயத்துக்குத் திரும்புற ரத்தத்தக் கொறைக்கும், அப்பல்லாம் நேரா கத்திதான். குடல் அடைச்சு வயிறு பானை மாதிரி உப்பியிருந்தாலும் உள்ள பாக்க எடமே இருக்காது.

தம்பி தோள்பட்ட வலிக்குதுன்னு சொன்னானா? மொதல்ல கேஸ் ஏத்திருக்காங்கல்ல, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத்துக்குக் கீழ மிச்சம் நின்னா தோள்ல வலிக்கும், ரெண்டு மூணு நாள்ல போயிரும். இருந்தாலும் ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர்ட்ட சொல்லிரு. வலிக்குதுன்னு படுத்தே கெடக்க விடாத, பிடிச்சு நாலு எட்டு நடக்க விடு. ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப், மொத பஸ்ல வந்துர்றேன், அம்மாகிட்ட நானே பேசுறேன்.

அதுக்கு முன்னாடி பக்கத்துல தொங்குற டிரெயின் பையில என்ன கலர்ல வருது, எவ்ளோ வருதுன்னு பாத்து இன்னிக்கு சாயங்காலமே எனக்கு அனுப்பு. பச்சையா வந்தா எனக்காகக் காத்திருக்காத, ஒடனே சிஸ்டரக் கூப்புடு.

உன்
மல்லிகா