ஒன்றரை மணி நேரத்தில் ஆறு கேஷ் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்து வைத்த 'கேஷ்' எனும் பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டு) அழைத்துப் போகலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த யோசனை நன்று. ஆனால் சிங்கப்பூரின் சதர்ன் ரிட்ஜஸ் குன்றுப் பாதையில், ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஹார்ட்பார்க் பூங்கா வரை, ஆறு கேஷ்களை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம் என்றிருந்தது. அவ்வளவு நேரம் நடப்பதற்குத்தான் சரியாக இருக்கும். நம்பிப் போகிறவர்கள் பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் இந்த விளையாட்டின் முதல் பெட்டி ஒளித்து வைக்கப்பட்டது. சுமார் 100 மீட்டர் வரை இருந்த பிழை அன்றோடு சில மீட்டராகச் சுருங்கியது. இன்றைக்கும் நம் நேரத்தைத் தின்பது அந்தச் சில மீட்டர்தான்.

திறந்த வெளியில் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகும். அப்படியானால் தேட வேண்டிய வட்டம் சுமார் 79 சதுர மீட்டர். மரங்கள் அடர்ந்த இடத்தில் பிழை 10 மீட்டர் ஆனால் வட்டம் 314 சதுர மீட்டர். பிழை இரட்டித்தால் தேடும் பரப்பு நான்கு மடங்கு. போதாததற்கு, ஒளித்து வைத்தவரின் கருவியும் அதே மரத்தடியில்தான் அளந்திருக்கும். அதனால் புல்வெளி பெஞ்சில் இருக்கும் பெட்டிக்குப் பத்து நிமிடம் என்றால், காட்டுக்குள் இருக்கும் சின்ன டப்பாவுக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு கேஷுக்கும் உள்ள இணையப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: கண்டுபிடிக்கும் கடினம் ஒன்று, நிலத்தின் கடினம் மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். முதல் எண் 2 என்றால் அரை மணிக்குள் கிடைத்துவிடலாம் என்று பொருள். இது ஒளித்து வைத்தவரே போட்ட மதிப்பெண் என்பதை மறக்கக்கூடாது. தன் பெட்டி சுலபம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அதைவிட நம்பகமானவை, தேடிப் போனவர்கள் அதே பக்கத்தில் எழுதிய கடைசி ஐந்து லாக்குகள் (பதிவுகள்). கடைசி இரண்டும் 'கிடைக்கவில்லை' என்றிருந்தால் பெட்டியே காணாமல் போயிருக்கலாம். பிள்ளைகளோடு போகும் நாளில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஓரிடத்தில் கிடைப்பதை வைத்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய மல்ட்டி கேஷை ஒன்று என்று எண்ணுவது அடுத்த தவறு. மூன்று கட்டம் இருந்தால் மூன்று கேஷ். மிஸ்டரி வகையில் பெட்டி இருக்கும் இடத்தைப் புதிரின் விடைதான் சொல்லும்; அதை வீட்டிலேயே விடுவித்துவிட வேண்டும்; வெயிலில் நின்று கணக்குப் போட்டால் விடை வராது, சண்டைதான் வரும். கிடைத்த எண்ணை உள்ளிடும்போதும் கவனம் தேவை. கேஷ் பக்கம் பாகை, தசம நிமிடம் என்ற முறையில் தருகிறது. 16.567 நிமிடம் என்பதை 16 நிமிடம் 56.7 விநாடி என்று தட்டினால் 700 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

இந்தப் பாதைக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே நின்றாலும் கீழே நின்றாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்றுதான். கைப்பேசி "3 மீட்டர்" என்று காட்ட, பெட்டி காலுக்குக் கீழே சாலையோரத்தில் இருக்கலாம். கேஷ் பக்கத்திலுள்ள குறிப்பை முதலிலேயே படித்தால் இந்த வீண் அலைச்சல் இல்லை. (குறிப்பைப் படிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் தனியாகப் போகட்டும்.) இரண்டாவது, 1.3 கி.மீ. நீளமுள்ள ஃபாரஸ்ட் வாக். சரிவு மெல்ல இருக்க வேண்டும் என்று வளைத்து வளைத்துக் கட்டிய இரும்பு நடைபாலம் அது. கைப்பேசியின் அம்புக்குறி 60 மீட்டர் என்று காட்டும். அது பறவைக்கான தூரம். நமக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்காகலாம்.

ஆக, ஒரு மாதிரிக் கணக்கு. நடை சுமார் 4 கி.மீ., பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். ஏற்றத்துக்கு 100 மீட்டர் உயரத்துக்குப் பத்து நிமிடம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. நிலையத்தருகே தொடங்கி மவுண்ட் ஃபேபர் குன்றுக்கு ஏறும் மராங் பாதையின் படிகளுக்கும் பிற மேடுகளுக்கும் சேர்த்து 15 நிமிடம். சுலபமான கேஷ் நான்கு, தலா 10. காட்டு டப்பா ஒன்று, 20. மூன்று கட்ட மல்ட்டி ஒன்று, தலா 12 வீதம் 36. தேடுவதற்கே 96 நிமிடம். தண்ணீர் குடிக்க, உட்கார 20. பெட்டி இருக்கும் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் எழும்வரை காத்திருக்க 15. மொத்தம் 206 நிமிடம். அதில் கால் பங்கைக் கூடுதலாகச் சேர்த்தால் நான்கேகால் மணி நேரம்.

காத்திருப்பை எழுதியதற்குச் சிரிப்பவர்கள், வார இறுதி மாலையில் மவுண்ட் ஃபேபர் போய்ப் பார்க்கலாம். கிடைத்த பெட்டியிலுள்ள காகிதத்தில் லாக் எழுதுவதும் நேரம்தான். சுண்டுவிரல் நகம் அளவுள்ள நானோ டப்பாவில் காகிதத் துண்டு இறுக்கிச் சுருட்டியிருக்கும். பிரிப்பது எளிது, மறுபடி அதே தடிமனுக்குச் சுருட்டவில்லையென்றால் மூடி திருகாது. ஈரமான காகிதமாக இருந்தால் மூன்று நிமிடம் போகும். சாமணம் ஒன்றும் பேனா ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கேஷுக்கும் ஒதுக்கிய நேரத்தைக் கைப்பேசி அலாரத்தில் வையுங்கள். அலாரம் அடித்தால், யார் என்ன சொன்னாலும் அடுத்ததுக்கு நடை கட்டுங்கள். "இன்னும் ஐந்தே நிமிடம்" என்பதில்தான் எல்லாத் திட்டமும் உடைகிறது. முதல் பதினைந்து நிமிடத்தில் பார்த்த அதே வேர்களையும் அதே கம்பிகளையும்தான் அடுத்த பதினைந்து நிமிடமும் பார்ப்போம். ஆள் கூடினால் வேகம் கூடும் என்பதும் பாதிதான் உண்மை: தேடுவது சுருங்கும், நடை நீளும்.

காலை 8 மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டேகாலுக்கு முடியும். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் ஏழேகால். பொழுது சாய்வதே ஏழு மணியை ஒட்டித்தான், மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். பிற்பகல் இடிமழையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இடி கேட்டால் இரும்பு நடைபாலத்தில் நிற்கக்கூடாது. ஹெண்டர்சன் வேவ்ஸ் வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் நேரம் போயிருந்தால் கீழே ஹெண்டர்சன் சாலைக்கு இறங்கிப் பேருந்து பிடித்துவிடலாம். அதைத் தாண்டினால் வெளியேறுவது அவ்வளவு வசதியாக இருக்காது.

இப்படிக்கு,
புக்கிட் மேரா வாசகர்