மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடி: இறுக்கினால் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடி மூக்கிலிருந்து இறங்க இறங்க, அதை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருப்பவர்களைப் பேருந்திலும் வங்கியிலும் வகுப்பறையிலும் தினமும் பார்க்கிறோம். கண்ணாடி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் பழகிவிட்டார்கள். பழகத் தேவையில்லை என்று சொல்லவே இந்தக் கடிதம். "பவர் மாறிவிட்டதோ" என்று மறுபடியும் மருத்துவரிடம் போகிறவர்களில் சிலருக்குச் சீட்டில் எந்தத் தவறும் இருப்பதில்லை. பிரேம் முகத்தில் உட்கார்ந்த விதத்தில்தான் தவறு.

கண்ணாடி அழகுக்காக மட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. லென்ஸின் பின்பக்கத்துக்கும் கண்ணுக்கும் இடையே 12 முதல் 14 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பொருத்துவது வழக்கம். மைனஸ் 10 பவர் உள்ளவரின் கண்ணாடி அந்த இடத்திலிருந்து 5 மில்லிமீட்டர் முன்னே வந்துவிட்டால், கண்ணுக்குக் கிடைக்கும் பவர் ஏறக்குறைய மைனஸ் 9.5 ஆகக் குறைந்துவிடும். மைனஸ் 2 உள்ளவருக்கு அதே நழுவலால் ஒன்றும் தெரியாது. நழுவல் சிலரைப் பாடாய்ப் படுத்துவதும் சிலரைத் தொடாமல் விடுவதும் இதனால்தான். கோணல் இதைவிட மோசம். மைனஸ் 5 லென்ஸ் இரண்டில் ஒன்று மற்றதைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால், இரண்டு கண்களுக்கும் இடையே மேல்கீழாக ஒன்றரை பிரிசம் (லென்ஸ் ஒளியை விலக்கும் அளவு) வித்தியாசம் வரும். பக்கவாட்டு விலகலை ஓரளவு தாங்கும் கண்கள், மேல்கீழ் விலகலைத் தாங்குவதில்லை. மாலையில் தலைவலி, வரிகள் இரட்டையாகத் தெரிவது எல்லாம் அங்கிருந்து தொடங்கலாம். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டிருப்பவர் படிக்கும்போது தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால், பிரேம் கீழே இறங்கியதால் படிக்கும் பகுதியும் கூடவே இறங்கிவிட்டது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நழுவுகிறது என்று கடைக்குப் போனால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். காதில் மாட்டும் இரண்டு கைகளையும் உள்நோக்கி வளைத்து, தலையை இறுகப் பிடிக்கும்படி செய்து கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் முன்பைவிட வேகமாக நழுவும், நெற்றிப்பொட்டும் வலிக்கும். தலையின் வடிவம்தான் காரணம். நெற்றிப்பொட்டிலிருந்து காதை நோக்கிப் போகப்போகத் தலை அகன்றுகொண்டே போகிறது. குறுகலான முன்பகுதியில் கைகள் அழுத்தினால், விரல்களுக்கிடையே வைத்து அழுத்திய புளியங்கொட்டை தெறிப்பதுபோல் பிரேம் முன்னால்தான் தள்ளப்படும். கைகள் கீலிலிருந்து காதை நெருங்கும் வரை தலையைத் தொடக்கூடாது. காதுக்குச் சற்று முன்னால் இலேசாகத் தொட்டு, காதின் மேல்புறம் தாண்டியதும் கீழே வளைந்து, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் பள்ளத்தோடு ஒட்டிப் படுக்க வேண்டும். கண்ணாடியை நிறுத்திப் பிடிப்பது அந்தப் பின் வளைவும் மூக்கும்தான். நெற்றிப்பொட்டின் பிடியல்ல.

அந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காதின் உச்சிக்குப் பின்னால் தள்ளித் தொடங்கினால், கையும் காதும் சந்திக்கும் வரை கண்ணாடி வழுக்கும். உச்சிக்கு முன்னாலேயே தொடங்கினால் வளைவு காதில் ஏறி நின்று பிரேமை முன்னே தள்ளும், காதின் மடிப்பும் புண்ணாகும். கையின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸ்களுக்கும் இடையிலான தூரம், மூன்றாவது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். நன்றாகப் பொருந்திய பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் அந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 70 வருகிறது, உங்கள் கண்பாவைகளுக்கு இடையிலான தூரமோ 62 என்றால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் வெட்ட வேண்டும். மைனஸ் பவர் அதிகமானவர்களுக்கு வெளி ஓரம் தடித்து, கனம் கூடி, கண்ணாடி இன்னும் நழுவும். இவர்களுக்குச் சிறிய பிரேமே நல்லது. எந்த நாகரிகம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பொருத்துகிறவர் முதலில் முகத்தில் அல்ல, மேசையில் பார்க்க வேண்டும். கைகளை விரித்து, கண்ணாடியைத் தலைகீழாகச் சமமான மேசையில் வைத்தால் லென்ஸ்களின் மேல்விளிம்பும் இரு கைகளும் ஆட்டமில்லாமல் மேசையைத் தொட வேண்டும். ஒரு கை தூக்கி நின்றால் லென்ஸ்களைத் தாங்கும் முகப்பு முறுக்கியிருக்கிறதா, கீல் வளைந்திருக்கிறதா என்று கண்டு, அதைச் சரிசெய்த பிறகே முகத்துக்குப் போக வேண்டும். முகத்தில் வைத்ததும் மேசையின் தீர்ப்பு செல்லாது. பலருக்கு ஒரு காது மற்றதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். மேசையில் நேராக நின்ற கண்ணாடி அவர்கள் முகத்தில் கோணலாகத்தான் தெரியும். புருவத்தையும் கண்பாவையையும் வைத்தே நேர் பார்க்க வேண்டும்.

வலது லென்ஸ் உயர்ந்து தெரிந்தால், வலது கையைக் கீலுக்கு அருகில் மேல்நோக்கி வளைக்க வேண்டும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். கையின் மறுமுனை காதின் மேல் தங்கியிருப்பதால், கை மேலே திரும்பினால் முகப்புதான் கீழே இறங்கும். அதேபோல் வலது லென்ஸ் கண்ணை ஒட்டி, இடது லென்ஸ் விலகி நின்றால், வலது கையை உள்நோக்கி வளைக்க வேண்டும். முகப்பின் கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி சாய்ந்திருக்கட்டும். போட்டுக்கொண்டவரைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னம் பிரேமைத் தூக்கினால் சாய்வு கூடிவிட்டது, அல்லது பிரேமின் மேல்கீழ் உயரம் அந்த முகத்துக்கு அதிகம்.

மூக்குப் பேடு உள்ள பிரேமில் இரண்டு பேடுகளையும் நெருக்கினால் கண்ணாடி மேலே ஏறும், கண்ணிலிருந்து சற்று விலகும். அகற்றினால் கீழே இறங்கி முகத்தை நெருங்கும். பேடின் முழுப்பரப்பும் மூக்கில் படிய வேண்டும். கழற்றியதும் மூக்கில் பிறை வடிவில் சிவந்த கோடு தெரிந்தால், பேடின் ஓரம் மட்டும் குத்துகிறது என்று பொருள். இலேசான பரவலான சிவப்பு பரவாயில்லை. மஞ்சளேறிக் கெட்டியான சிலிக்கோன் பேடுகள் வழுக்கும். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடலாம், செலவு மிகச் சிறியது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள் பேடையும் காதுமுனையையும் தினமும் சோப்பு நீரில் கழுவினாலே பாதி நழுவல் நிற்கும்.

இவ்வளவையும் எல்லாப் பிரேமிலும் ஒரே மாதிரி செய்துவிட முடியாது. வாங்குகிறவருக்கு யாரும் சொல்லாமல் விடுவது இதைத்தான். தடித்த, வண்ணம் ஊடுருவிய பிரேம்களில் நல்லவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. மரக்கூழிலிருந்தும் பருத்தி இழையிலிருந்தும் வரும் பொருள் அது. தகடாக வார்த்து, அதிலிருந்து கடைந்து எடுப்பார்கள். பொருத்துவதற்கு இதைப்போல் இணக்கமான பொருள் வேறில்லை, ஆனால் சூடு கொடுத்தே வளைக்க வேண்டும். 60, 70 டிகிரி அளவில் காற்று ஹீட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டினால் அரை நிமிடத்தில் இளகும். வளைத்து, கையில் பிடித்தபடியே ஆறவிட வேண்டும். ஆறுவதற்கு முன் விட்டால் பழைய வடிவுக்கே திரும்பும். சூடு கூடினால் மேற்பரப்பில் குமிழ் கிளம்பும், அது பிறகு போகாது. குளிர்ந்த நிலையில் வளைத்தால் உள்ளே ஓடும் உலோகக் கம்பி வளையும், வெளியே உள்ள அசிடேட் விரிசல் விடும். லென்ஸையும் சேர்த்துச் சூடேற்றினால் பிரதிபலிப்பு தடுக்கும் பூச்சில் சிலந்தி வலைபோல் வெடிப்புகள் தோன்றும், ஏனென்றால் பிளாஸ்டிக் லென்ஸ் விரியும் அளவுக்குப் பூச்சு விரியாது. மே மாத வெயிலில் காரின் முன்பலகையில் விட்டுவைத்த கண்ணாடிக்கும் இதே கதிதான். ஆண்டுகள் கடந்து வெளிறி, மொறுமொறுப்பாகி, புளித்த வாடை அடிக்கும் அசிடேட் பிரேமை வளைக்கவே முயலாதீர்கள்.

அசிடேட்டில் மூக்குத்தாங்கி பிரேமோடு சேர்ந்தே இருக்கும், வளைக்க அங்கே ஒன்றுமில்லை. மூக்குத்தண்டு உயரம் குறைந்தவர்கள் அழகுக்காக இதை எடுத்தால் பிரேம் கன்னத்தில்தான் உட்காரும். துளையிட்டுப் பேடுக்கம்பி பதிக்கத் தெரிந்த கடைகள் உண்டு. வாங்கும்போதே பேடு உள்ளதை எடுப்பது அதைவிட எளிது.

டிஆர் 90 என்று விற்கப்படுவது ஒருவகை நைலான். எடை குறைவு, மிதிபட்டாலும் சட்டென்று உடையாது. பிள்ளைகளுக்கு நல்லது. வளைந்து திரும்பும் குணமே அதன் பலம், பொருத்தும்போது அதுவே தடை. அசிடேட்டைவிட அதிகச் சூடு வேண்டும், நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டும், அப்படியும் கொஞ்சம் திரும்பிவிடும். ஆகவே டிஆர் பிரேமை முகத்தில் வைத்ததும் ஏறக்குறைய சரியாக இருந்தால் மட்டும் எடுங்கள். "பிறகு சரிசெய்து தருகிறோம்" என்ற வாக்கு இதில் செல்லாது. அல்டெம் என்ற பெயரில் வருவது இன்னும் பிடிவாதம், கடை ஹீட்டரின் சூடு அதற்குப் போதாது.

உலோகத்தில் மலிவானவை பெரும்பாலும் மோனெல், அதாவது நிக்கலும் செம்பும் கலந்தது. எளிதாக வளையும், எளிதாகப் பற்றவைக்கலாம். மேற்பூச்சு தேய்ந்ததும் வியர்வை பட்டுப் பேடுக்கம்பியில் பச்சை களிம்பு பிடிக்கும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் அரித்துக் கறுக்கும். அவர்களுக்குத் தூய டைட்டானியமே தக்கது. எஃகைவிட எடை ஏறக்குறைய பாதிதான். வளைத்தால் கொஞ்சம் திரும்பிவரும், எனவே வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும். நைலான் தாடை வைத்த குறடுதான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு உரியும். உடைந்தால் சாதாரணப் பற்றவைப்பு பிடிக்காது, ஆர்கான் வாயு சூழ லேசரிலோ அதற்கான கருவியிலோதான் ஒட்ட முடியும். டைட்டானியம் என்று சொல்லி விற்றதைக் காந்தம் இழுத்தால் அது டைட்டானியம் அல்ல. இழுக்கவில்லை என்பதால் மட்டும் டைட்டானியம் என்றும் ஆகிவிடாது. திருகு எஃகாக இருக்கலாம், அதைத் தவிர்த்துப் பாருங்கள். முறுக்கினாலும் நிமிரும் மெமரி பிரேமில் ஏறக்குறைய பாதி நிக்கல் இருக்கும். நிமிரும் பகுதியை வளைக்க முடியாது, பேடிலும் கீல் பக்கத்து மூலையிலும் காதுமுனையிலும்தான் திருத்தலாம். எந்த உலோகமானாலும் ஒரே இடத்தை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அங்கேயே முறியும்.

வீட்டில் செய்யத் தக்கது கொஞ்சம்தான். தளர்ந்த கீல் திருகைச் சரியான அளவுள்ள சிறு திருப்புளியால் முடுக்கி, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கலாம். மெழுகுவத்தி, அடுப்பு, தீப்பெட்டி எதிலும் பிரேமைக் காட்டவே காட்டாதீர்கள். பழைய செல்லுலாய்டு பிரேமாக இருந்தால் பற்றி எரியும். உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படியும், முறையாக ஒட்டும் வாய்ப்பும் போய்விடும். கண்ணாடியை இரண்டு கைகளாலும் கழற்றுங்கள். தலைக்கவசம் போடுகிறவர்கள் கவசத்தைக் கழற்றும் முன் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அகன்ற கைகளே கோணலுக்குப் பெரிய காரணம்.

தொழிலில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்பாவை தூரத்தையும் புரோகிரசிவ் உயரத்தையும் அளப்பதற்கு முன்பே பிரேமை முகத்துக்குப் பொருத்திவிடுங்கள். பொருத்தாத பிரேமில் அளந்த உயரம், பொருத்திய பிறகு தவறாகிவிடும். லென்ஸ் போட்ட பிறகு இன்னொரு முறை பாருங்கள். ரசீதில் பிரேமின் பொருள் என்னவென்று எழுதிக் கொடுங்கள், அடுத்து வளைக்கப்போகிறவர் வேறு கடைக்காரராக இருக்கலாம். பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வழங்கும் முகாம்களில் பெட்டியோடு கையில் கொடுத்து அனுப்பாமல், ஒரு ஹீட்டரும் இரண்டு குறடும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளையைக் குனியச் சொல்லி, தலையை இரண்டு முறை ஆட்டச் சொல்லி, கண்ணாடி அசையாமல் நின்றால் அடுத்த பிள்ளையைக் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
கண்ணாடி பொருத்தும் தொழிலில் உள்ளவர்கள்,
மதுரை.