முதலில் மறக்க வை, அப்புறம் கற்றுக்கொடு

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். காருக்குள் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில், கைரிமோட் இல்லாமலே கராஜைத் திறப்பதற்காக இருக்கும் ஹோம்லிங்க் பொத்தானை அழுத்துகிறாய், பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டுகிறது, கராஜ் கதவு அசையவே இல்லை. போனில் சொல்லலாம் என்றால் பேரன் பாதியில் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே, ஏணி போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்.

பொத்தானில் கோளாறு எதுவும் இல்லை. நீ செய்திருப்பது பாதி வேலை. ரிமோட்டைப் பார்த்துக் கார் கற்றுக்கொண்டது, ஆனால் மோட்டாருக்கு உன் கார் யாரென்று இன்னும் தெரியாது. விளக்கு அப்படி வேகமாகச் சிமிட்டுவதே அதற்கு அடையாளம். மீதிப் பாதி கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி. அதை நீங்கள் இரண்டு பேரும் செய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடு. காரும் செகண்ட் ஹேண்ட். குடிபோன அன்றைக்கே வாசல் பூட்டை மாற்றிவிட்டதாகச் சொன்னாய், நல்ல காரியம். ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் ரிமோட்டும் அவருடைய காரும் அந்த மோட்டாரின் நினைவில் அப்படியே இருக்கும். இன்றைக்கும் அவர் தெருவில் போகிற போக்கில் உன் கராஜைத் திறந்துவிடலாம். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். அந்தக் காரை அவர் யாருக்கோ விற்றிருந்தால்? அதே மாதிரி உன் காரில் இருக்கும் மூன்று பொத்தான்களில் எங்கோ ஒரு வீடு இன்னும் பதிந்திருக்கலாம். அது உனக்குத் தேவையில்லாத விஷயம், அந்த வீட்டுக்காரருக்கு ஆபத்தான விஷயம்.

இங்கே கேட் மோட்டார் வேலைக்குப் போகும் வீடுகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பழைய ரிமோட் யார் யாரிடம் இருக்கிறது? பாதிப் பேருக்குத் தெரியாது. பழைய டிரைவர், மாடியில் குடியிருந்தவர், ஊருக்குப் போன மச்சான் என்று பட்டியல் நீளும். அதனால் புது ரிமோட் பதிவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என் வழக்கம். நீயும் அப்படியே செய்.

காரில்: மூன்று பொத்தான்களில் இரண்டு ஓரத்துப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடி. புதிய வகையில் 10 விநாடி, பழைய வகையில் 20 விநாடி வரை ஆகும். விளக்கு வேகமாகச் சிமிட்டியதும் கையை எடுத்துவிடு. மூன்றும் காலியாகிவிடும். ஒரே ஒரு பொத்தானை மட்டும் தனியாக அழிக்க முடியாது. அதன்மேல் வேறொன்றைப் பதியலாம், அவ்வளவுதான்.

மோட்டாரில்: போன வருஷம் அங்கே வந்திருந்தபோது நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேனே, அம்மாகூட, "இங்கேயும் வேலைக்கு வந்துவிட்டீர்களா" என்று திட்டினாளே, அப்போது பார்த்த மஞ்சள் பொத்தான்தான். பக்கத்தில் 'லேர்ன்' என்று போட்டிருக்கும். அதை அழுத்தியபடியே பிடித்துக்கொள். சுமார் 6 விநாடியில் பக்கத்து விளக்கு அணைந்துவிடும். அப்படியென்றால் எல்லா ரிமோட்டும் போய்விட்டது என்று அர்த்தம். கதவுக்கு வெளியே எண் அழுத்தும் கீபேட் இருந்தால் அதையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அலுவலகத்திலிருந்து வந்தவர் வெளியே குளிரில் நிற்கப்போகிறார்.

இப்போது கற்றுக்கொடுக்கும் வேலை. காரை கராஜுக்கு வெளியே, கதவைப் பார்த்தபடி நிறுத்து. கதவு ஏறி இறங்கும் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. இக்னிஷன் மட்டும் போட்டால் போதும், இன்ஜின் ஓட வேண்டாம். உன் கைரிமோட்டை முதலில் மோட்டாருக்குப் பதிந்துவிடு: 'லேர்ன்' பொத்தானை ஒரு தட்டு தட்டிவிட்டு 30 விநாடிக்குள் ரிமோட்டை அழுத்தினால் மோட்டாரின் பல்பு ஒருமுறை மின்னும். அப்புறம் அதே ரிமோட்டைக் காரின் பொத்தானிலிருந்து இரண்டு, மூன்று அங்குலத் தூரத்தில் பிடி. காரில் நீ பதியும் பொத்தானை அழுத்து, அதன் விளக்கு ஆரஞ்சாகச் சிமிட்டத் தொடங்கியதும் ரிமோட்டை அழுத்து. பச்சையாக மாறியதும் விடு. இதுவரைதான் நீ செய்தாய்.

அடுத்ததற்கு இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை ஏணியில், நீ காரில். அவர் 'லேர்ன்' பொத்தானை ஒரு தட்டு தட்டி விட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் பழையபடி எல்லாம் அழிந்துவிடும், அதைச் சொல்லி அனுப்பு. அவர் குரல் கொடுத்ததும் 30 விநாடிக்குள் நீ காரின் பொத்தானை 2 விநாடி அழுத்தி விடு. மறுபடி அழுத்து, தேவைப்பட்டால் மூன்றாவது தடவையும். கதவு நகரும். ஒரே ஆள் ஏணியிலிருந்து இறங்கிக் காருக்கு ஓடுவது வேண்டாம். சறுக்கி விழுந்தால் கேட்க நாங்கள் பக்கத்தில் இல்லை.

எதற்கு இந்த இரட்டை வேலை என்று கேட்பாய். இங்கே பல கேட்டுகளுக்கு இது தேவைப்படுவதில்லை. 433 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதா ரிமோட், ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அதைக் கொண்டுபோனால் நீ ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நகல் ரிமோட் தயார். வசதிதான், ஆனால் உனக்கு எளிது என்றால் திருடனுக்கும் எளிது. அங்கேயும் பழைய காலத்தில் சின்னச் சின்ன ஸ்விட்சுகளை மேலே கீழே தள்ளி எண் வைக்கும் ரிமோட்டுகள்தான். 12 ஸ்விட்ச் என்றால் மொத்தமே 4,096 எண்கள். 2015இல் சாமி கம்கர் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு மேட்டல் பொம்மையைத் திருத்தி அந்த வகைக் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார்.

உன் மோட்டார் அப்படி இல்லை. மஞ்சள் பொத்தான் என்றால் 2011இலிருந்து வந்த வகை. 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று அலைவரிசைகளைப் பயன்படுத்தும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி மாதிரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறிக்கொண்டே போகும். போன தடவை அனுப்பியதை யாராவது பிடித்து வைத்திருந்தாலும் அது செல்லாது. அடுத்து வரப்போகும் எண் எது என்று காரும் மோட்டாரும் சேர்ந்து தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரிமோட்டின் சிக்னலைக் கார் கேட்டால் மட்டும் போதாது, மோட்டாரும் காரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதனால்தான். இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அழகான வேலை.

அந்த ஹோம்லிங்க் பொத்தான் உங்கள் ஊர்ச் சரக்குதான் தெரியுமா? மிச்சிகன் ஏரிக் கரையில் ஹாலண்ட் என்ற ஊரில் பிரின்ஸ் என்ற கம்பெனி இருந்தது. காரின் வெயில் மறைப்பில் விளக்கோடு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பேர் வாங்கியவர்கள். 1996இல் அதை ஜான்சன் கன்ட்ரோல்ஸ் வாங்கியது. 2013இல் ஹோம்லிங்க் மட்டும் பக்கத்து ஊர் ஜீலண்டில் இருக்கும் ஜென்டெக்ஸ் கைக்குப் போனது. ஜென்டெக்ஸ் கார்க் கண்ணாடி செய்கிறவர்கள். உன் பொத்தான் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

எல்லாம் சரியாகப் பதிந்தும் வாசல்வரை வந்தால்தான் கதவு திறக்கிறது என்றால் மோட்டார் பெட்டியிலிருந்து தொங்கும் மெல்லிய ஒயரைப் பார். அது ஆன்டெனா. யாராவது சுத்தம் செய்கிறேன் என்று சுருட்டி உள்ளே செருகியிருப்பார்கள். நேராகத் தொங்கவிடு. மோட்டாரில் கண்ட எல்இடி பல்பை மாட்டியிருந்தாலும் அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிப்போகும். பல்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார். கைரிமோட்டின் பட்டன் செல் பழசாக இருந்தால் பதிவதற்கு முன் மாற்றிவிடு.

மாப்பிள்ளையின் கார் 2011க்கு முந்தியது என்றுதானே சொன்னாய்? அந்த வயசுக் கார்களில் பலவற்றுக்கு இந்த மஞ்சள் பொத்தானின் பாஷை புரியாது. கார் சொல்வதை மோட்டாருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு ரிப்பீட்டர் பெட்டி மாட்ட வேண்டியிருக்கும். சனிக்கிழமை முழுக்க ஏணியில் நின்று மல்லுக்கட்டுவதற்கு முன் கார் மேனுவலைப் பார்க்கச் சொல்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்திப் பார். சில கார்களில் அப்போதும் வேலை செய்யும். உன்னுடையது அப்படி என்றால், வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு உன் வீடும் சேர்ந்து கிடைக்கும். ராத்திரி காரை உள்ளேயே விடு. கராஜிலிருந்து சமையலறைக்கு வரும் கதவை நீ பூட்டுவதே இல்லை, நான் பார்த்தேன். பூட்டு. ஒருநாள் இந்தக் காரை விற்றால், சாவியைக் கொடுக்கும் முன் ஓரத்துப் பொத்தான் இரண்டையும் பிடித்து அழித்துவிட்டுக் கொடு.

கதவுக்கு இரண்டு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குல உயரத்துக்குள் சின்னக் கண்கள் இருக்கும், கதவு இறங்கும்போது குறுக்கே எதுவும் வந்தால் கண்டுபிடிக்கும் சென்சார். 1993இலிருந்து வந்த மோட்டார்களுக்கு அங்கே சட்டப்படி அது கட்டாயம். இங்கே நாய் குறுக்கே வந்தால் கேட் நின்றுவிடுகிறது, அந்த சென்சாரைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கழற்றித் தருவதில்லை. பேரனுக்கு அந்தக் கதவுக்குக் கீழே ஓடுவது ஒரு விளையாட்டு. மாதம் ஒருமுறை ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை இறக்கிப் பார். தொட்டதும் மேலே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் சரிசெய்யும்வரை பொத்தானைத் தொடாதே.

கரண்ட் போனால் சிவப்புக் கயிறு. கதவு மூடியிருக்கும்போது இழு, மோட்டார் கழன்றுகொள்ளும், கையால் தூக்கலாம். உங்கள் மோட்டார் கூரையில் இருப்பது ஒரு பாக்கியம். இங்கே ஸ்லைடிங் கேட் மோட்டார் தரையோடு ஒட்டி இருக்கும். 2015 டிசம்பரிலும் அப்புறம் 2023இல் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்துத் தெருக்களில் எத்தனை மோட்டாரின் சர்க்யூட் போர்டு தண்ணீரில் போனது என்பது எனக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. பனிக்காலத்தில் மாப்பிள்ளை கராஜுக்குள்ளேயே காரை ஸ்டார்ட் செய்து சூடாக்கிவிட்டுக் காபி குடிப்பாரே, அது கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள் புகுந்தால் தெரியாது. சாவி போடாத கார்களில் இன்ஜின் ஓடுவதே மறந்துபோகும். வெளியே எடுத்து நிறுத்தி சூடாக்கட்டும். படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல். இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல், கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

ஏறும்போது மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு, ரிப்பீட்டர் வாங்க அது தேவைப்படும். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே வருகிறவர் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா