சுவிஸ் குளிருக்குப் பணமும் பெட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர், ஜனவரியில் சுவிட்சர்லாந்து செல்லும் நம்மவர்கள் சிலர் யூரோவை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். அங்கே புழங்குவது ஃபிராங்க். யூரோ வாங்கும் கடைகளும் பெரும்பாலும் மீதியை ஃபிராங்கில்தான் தரும்; விகிதமும் கடைக்காரர் வைத்ததே. கார்டு மெஷின் “ரூபாயா, ஃபிராங்கா” என்று கேட்டால் தயங்காமல் ஃபிராங்கைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால், மாற்று விகிதத்துக்குள்ளேயே கூடுதல் கட்டணத்தைச் சேர்த்துவிடுவார்கள். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள். ஓடிபி வரும் எண்ணுக்கு ரோமிங்கும் அவசியம். இரண்டு கார்டுகளை ஒரே பர்ஸில் வைக்கவே வேண்டாம்.

உடையில் பெரிய தவறு, உள்ளே பருத்தி பனியன். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற மேலாடை, வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என்று அடுக்குங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும். 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையத்தில் இறங்கினால் இது உடனே தெரியும். அங்கே போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். உள் பாக்கெட்டில் வையுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். ஜாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், பெட்டி தாமதமானாலும் வெளியே நடக்கலாம்.

நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுசெல்ல அங்கே தடை உண்டு. சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள்.

– வாசகர், கோயம்புத்தூர்